சேதப் பட்டியல், வாலிநோக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு
வானம் ஒரு தடவை அடித்தது.
ஒன்றுதான் என்றார் சீனி அசன்.
இரண்டு என்றார்கள் உப்பளத்தில்.
இரண்டுதான் சரி: மூக்குக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று.
ஆனால் என் படிவத்தில் எண்ணிக்கைக்கு இடமில்லை.
பெயர், நேரம், சேதம், மதிப்பு ரூபாயில்.
அவ்வளவுதான் தாலுகா ஆபீஸ் கேட்கிறது.

ஐஸ் கம்பெனி ஜன்னலில் கண்ணாடி மூன்று.
முனியராசு வீட்டுச் சுவரில் நீள விரிசல்,
விரிசலுக்குள் தூசியேறிய சிலந்திவலை.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
களஞ்சியத்தின் அடைகோழி
பதினோரு முட்டையை விட்டு எழுந்தது,
இன்னும் போய் உட்காரவில்லை.
இறால் பண்ணைக்காரர் நாலு லட்சம் என்றார்.
இறாலுக்குக் காது உண்டா என்றேன்.
"உங்க ஆபீசுக்கு உண்டா?"

விமானத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
சத்தம் கேட்டு அண்ணாந்தபோது
அது ஏர்வாடியைத் தாண்டியிருக்கும்,
தன் குரலைத்
தன் பின்னால் இழுத்துக்கொண்டு.

இரவு கரண்ட் போன லாட்ஜில்
கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன்.
காற்றில் ஒரு சுவர் இருப்பதாக
ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள்.
அதை நெருங்கினால் விமானம் உதறும்,
கைப்பிடி கல்லாகிவிடும்,
இழுக்க இழுக்க மூக்கு எழாது.
இப்படிச் சொன்னவர்கள் திரும்பி வந்தவர்கள்.
மற்றவர்களை
முகத்துவாரச் சேற்றில் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள்.
பிறகு நாற்பத்தேழில்,
நமக்குச் சுதந்திரம் வந்து
இரண்டு மாதம் ஆக ஒருநாள் பாக்கி இருக்கையில்,
எங்கோ வற்றிப்போன ஓர் ஏரிக்கு மேலே
பெரிய விமானத்தின் வயிற்றிலிருந்து
ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோட்டா நழுவி விழுந்தது.
உள்ளே ஒருவன். விலா எலும்பு முறிந்தவன்.
மேலதிகாரியிடம் அதை மறைத்தவன்.
கதவைச் சாத்தக் கைக்குத் தெம்பில்லாமல்
துடைப்பக் கட்டையில் ஒரு துண்டு வெட்டி
கூடவே கொண்டுபோயிருக்கிறான்.
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
என் சம்பளத்தில் யாரும் துடைப்பக் கட்டையை நம்பி
எதற்குள்ளும் ஏறமாட்டார்கள்.

வாலின் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு ஆடினால் போதாது,
குறுக்கு வால் முழுசாகத் திரும்ப வேண்டும்.
அதுதான் அங்கே வழிவிட்ட கண்டுபிடிப்பு.
காலையில் இதைச் சொன்னதும்
வத்தைக்காரர் சந்தியாகு சிரித்தார்:
"சுக்கான்ல பாதியைத் திருப்பி
எவன்யா கரை சேர்ந்தான்?"

சுவர் உடைந்ததா என்றால், இல்லை.
சுவரே இல்லை.
முள் நடுங்கியது, தாண்டியது,
அப்புறம் எண்ணெய் தடவினாற்போல் வழுவழுப்பு.
உள்ளே இருந்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.
சத்தமெல்லாம் கீழே இருந்தவர்களுக்கு.
எப்போதும்போல.

கடைசியாக வந்தவள் நம்புச்செல்வி, பாசி எடுப்பவள்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"எனக்கு எதுவும் உடையலை.
அந்நேரம் அடியில இருந்தேன்,
மரிக்கொழுந்துப் பாசிக்குக் கல்லிடுக்குல கைய விட்டுக்கிட்டு.
நெஞ்சுல ஒரு தட்டு. என்னமோன்னு தலையத் தூக்குறேன்,
அப்புறந்தான் மேல வெடிக்குது.
தண்ணிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு சார்."

படித்ததில் அதுவும் இருந்தது:
நீருக்குள் ஒலி
காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கு மேல் ஓடும்.
மேலே ஜெயித்த அந்த இயந்திரம்
இவள் மூச்சடக்கிக் கிடந்த இடத்தில்
பந்தயம் கட்டினால் தோற்கும்.
அது இவள் சொன்னதற்கு விளக்கமா, தெரியாது.
இதற்கு இழப்பீடு கிடையாதே என்றேன்.
"தெரியும். எழுதுறாங்கன்னு சொன்னாங்க, வந்தேன்."

சேதம்: இல்லை.
மதிப்பு: ஒரு கோடு போட்டேன்.
நேரத்துக்கு நேரே எல்லோருக்கும் போட்ட
பத்து இருபதை அவளுக்கு மட்டும் அடித்து
பத்து பத்தொன்பது என்று திருத்தி
ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.
ஆர்.டி.ஓ. கேட்பார்.

வெளியே, களஞ்சியத்தின் கோழி
ஐஸ் கம்பெனிக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே
எதையோ கிளறித் தின்றுகொண்டிருந்தது.